கிளிக்குப் பேச்சு பழக்குவது: என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடமாக பட்ஜியும் காக்டெய்லும் வளர்கின்றன. இரண்டுமே கிளி இனத்துச் சின்னப் பறவைகள், காக்டெய்லுக்குத் தலையில் கொண்டை இருக்கும். முதலில் வந்த நீல பட்ஜி மிட்டு பேச ஆரம்பித்த நாளிலிருந்து, தெருவில் புதிதாகப் பறவை வாங்குகிறவர்கள் எல்லோரும் சந்தேகம் கேட்க என்னிடம்தான் வருகிறார்கள். ஆள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இருக்கின்றன.

அக்கா, கிளிக்கு மட்டும் எப்படிப் பேச வருது?

நமக்குக் குரல் பிறப்பது தொண்டையில். பறவைக்கு அது இன்னும் கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகிற இடத்தில் இருக்கிறது. அந்த உறுப்புக்கு சிரின்க்ஸ் என்று பெயர். அங்கே பிறக்கிற சத்தத்துக்கு, கிளி தன் தடித்த நாக்கை அசைத்து வடிவம் கொடுக்கிறது. நம் உதடு மாதிரி அதற்கு எதுவும் கிடையாது. உதடே இல்லாமல் "மாமா" என்று சொல்கிறது என்றால் எவ்வளவு பெரிய வேலை பாருங்கள்.

ஏன் பேசுகிறது என்பதுதான் இதைவிட முக்கியம். கிளிகள் கூட்டமாக வாழ்பவை. கூட்டத்தின் சத்தத்தைக் கற்றுக்கொண்ட பறவைதான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. வெனிசுவேலாவில் உள்ள ஒரு குட்டிக் கிளி இனத்தை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். அதில் தாய் தகப்பன் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு தனிச் சத்தம் வைத்து அழைப்பதும், குஞ்சு அதையே கொஞ்சம் மாற்றித் தன் அடையாளமாக வைத்துக்கொள்வதும் தெரியவந்தது. கிட்டத்தட்ட பெயர் வைப்பதுதான். உங்கள் வீட்டுப் பறவையும் அப்படியே. நீங்கள்தான் தன் கூட்டம் என்று மனசு ஒப்பினால், உங்கள் சத்தத்தைக் கற்றுக்கொள்ளப் பார்க்கும். பயந்துகொண்டிருக்கிற பறவையிடம் பேச்சு வராது. கீழே நான் சொல்லியிருக்கிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

பச்சைக்கிளி வாங்கலாமா? அதுதானே நல்லா பேசும்?

நன்றாகப் பேசும், உண்மைதான். ஆனால் வாங்காதீர்கள். 1972-ம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, கழுத்தில் ரோஜா நிற வளையம் உள்ள நம் பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். சிவப்புத் தோள் உள்ள பெரிய கிளிக்கும் இதே சட்டம்தான். 2022-ல் வந்த திருத்தம் பச்சைக்கிளிக்கான பாதுகாப்பை இன்னும் கூட்டியிருக்கிறது. கிளி ஜோசியம் பார்ப்பவர்கள் வைத்திருப்பதும் இதில் அடக்கம்.

சட்டத்தை விடுங்கள். அந்தக் குஞ்சுகள் மரப்பொந்திலிருந்து எடுக்கப்படுகிறவை. சந்தைக்கு வருவதற்குள் எத்தனை செத்துப் போகும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். நீங்களாக மொட்டை மாடியில் பறக்க விடாதீர்கள். இறகு வெட்டின கிளிக்கும் கையில் ஊட்டி வளர்ந்த கிளிக்கும் வெளியில் இரை தேடத் தெரியாது. கிளியைப் பார்க்க ஆசையாக இருந்தால், ஊற வைத்த அரிசியை மாடிச் சுவரில் பரப்பி வையுங்கள். நம் ஊர்களில் அது தானாகவே வரும்.

அப்போ எதை வாங்குறது? லவ் பேர்ட்ஸ் பேசுமா?

நம் ஊரில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பட்ஜி. ஆஸ்திரேலியாக்காரப் பறவை, முப்பது நாற்பது கிராம்தான் இருக்கும். உண்மையான லவ் பேர்ட் வேறு, அது ஆப்பிரிக்கா. குட்டை வால், சிவந்த முகம். அது பேசுவது அபூர்வம். பட்ஜி பேசும். சொல்லப்போனால், அதிக வார்த்தைகள் பேசின பறவை என்று கின்னஸில் ஏறியது கலிஃபோர்னியாவில் இருந்த பக் என்ற பட்ஜிதான். 1,728 வார்த்தைகள். 1994-ல் இறந்தது. குரல் மட்டும் சின்னதாக, வேகமாக, கரகரவென்று இருக்கும். பழகாத காதுக்கு முதலில் புரியாது.

காக்டெய்ல் பாசமானது. சில வார்த்தைகள் சொல்லும், விசில் அருமையாக அடிக்கும். ஆப்பிரிக்கன் கிரே என்கிற சாம்பல் நிறக் கிளி மனிதக் குரலிலேயே பேசும். ஆனால் அது நாற்பது ஐம்பது வருடம் வாழக்கூடிய பறவை, ஒரு குழந்தைக்குரிய கவனம் கேட்கும். வாங்கினால் வாங்கிய காகிதம் வேண்டும், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும். சன் கான்யூர், மக்காவ் மாதிரி வெளிநாட்டுக் கிளிகளுக்கும் இதேதான். பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் இந்தப் பதிவு தேவையில்லை. முதல்முறை வளர்ப்பவர் யார் கேட்டாலும் நான் பட்ஜி என்றுதான் சொல்வேன்.

ஆண்தான் பேசுமாமே, பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பட்ஜியிலும் காக்டெய்லிலும் ஆண்தான் பெரும்பாலும் பேசும். பெண் பட்ஜி ஒன்றிரண்டு வார்த்தையோடு நின்றுவிடும், அதற்கு விதிவிலக்கும் உண்டு. ஆப்பிரிக்கன் கிரேயில் ஆண் பெண் வித்தியாசமில்லை.

பட்ஜியின் அலகுக்கு மேலே மூக்குத் துவாரம் இருக்கிற மெழுகு மாதிரியான இடத்தைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலமாக இருக்கும். பெண்ணுக்கு வெளிர் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். முழு வெள்ளை, முழு மஞ்சள் பட்ஜிகளில் மட்டும் ஆணுக்கும் ரோஸ் நிறம்தான், ஏமாந்துவிடாதீர்கள். சாதாரண சாம்பல் காக்டெய்லில், முதல் இறகு உதிர்ந்த பிறகு ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும். அதற்கு முன்னால் கடைக்காரர் "ஆண்தான் மேடம்" என்று சொன்னால் அது ஊகம்.

எத்தனை மாசக் குஞ்சு வாங்கணும்? பெருசு பேசாதா?

பட்ஜி என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம். தானாகக் கொத்தித் தின்னத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. குஞ்சு பட்ஜிக்கு நெற்றியில் கருங்கோடுகள் அலகு வரைக்கும் இறங்கி வந்திருக்கும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் இறகு உதிர்ந்ததும் நெற்றி வெளுத்துவிடும். கோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் வயதில் ஏமாற முடியாது.

பெரிய பறவை கற்காது என்றில்லை. பழகுவதற்கே அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவுதான்.

பச்சை மிளகாய் கொடுத்தா பேசும்னு பாட்டி சொல்றாங்க. வசம்பு தடவலாமா? நாக்கைச் சீவி விடணுமா?

மிளகாய் கொடுங்கள், தப்பில்லை. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. ஆசையாகத் தின்னும், சத்தும் உண்டு. ஆனால் பேச்சுக்கும் மிளகாய்க்கும் சம்பந்தமில்லை. வசம்பு வேண்டாம். குழந்தைக்குப் பேச்சு வரட்டும் என்று நாம் செய்கிறதை முப்பது கிராம் பறவைக்குச் செய்யக் கூடாது.

நாக்கைச் சீவுவது கொடுமை. இதை நான் மெல்லச் சொல்ல மாட்டேன். முதல் பதிலில் சொன்னேனே, குரல் பிறப்பது நெஞ்சுக்குள், நாக்கு அதற்கு வடிவம் தருகிறது என்று. வடிவம் தருகிற உறுப்பை வெட்டினால் பேச்சு எப்படித் தெளியும்? ரத்தம் போயே பறவை செத்துவிடும். யாராவது "நான் பக்குவமாகச் சீவித் தருகிறேன்" என்றால் பறவையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பட்டினி போட்டுப் பழக்குவதும் இதே வகைதான். பட்ஜி மாதிரிச் சின்னப் பறவை ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது.

சரி, முதல் வார்த்தை எப்படிச் சொல்லித் தரணும்?

வீட்டுக்கு வந்த முதல் வாரம் எதுவும் சொல்லித் தர வேண்டாம். ஆட்கள் உட்கார்ந்து பேசுகிற ஹாலில், ஒரு பக்கம் சுவர் இருக்கிற மாதிரி கூண்டை வையுங்கள். அடுப்படியில் வைக்காதீர்கள். நான்-ஸ்டிக் பாத்திரம் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவையைக் கொன்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குங்கள், பேப்பர் படியுங்கள். உங்கள் கையிலிருந்து தினைக்கதிரைக் கொத்தித் தின்கிற நாள் வந்தால், அன்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பறவையின் பெயர்தான் நல்ல முதல் வார்த்தை. இரண்டு அசை போதும். க, ட, ச மாதிரி அழுத்தமாக விழும் எழுத்தும், கடைசியில் நீளும் உயிரும் இருந்தால் சீக்கிரம் பிடிக்கும் என்பது என் அனுபவம். மிட்டு, சிக்கு, வாவா, டாட்டா இப்படி. காலையில் கூண்டுத் துணியை எடுக்கும்போதும், சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்திலும் ஐந்து பத்து நிமிஷம் போதும். டிவியை அணையுங்கள். முகத்தை நேராகக் காட்டி, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, ஒவ்வொரு தடவையும் ஒரே ராகத்தில் சொல்லுங்கள். பெண்கள் குரலையும் குழந்தைகள் குரலையும் பட்ஜி எளிதாகப் பிடிக்கும்.

இதைவிடப் பலன் தருவது, வார்த்தையை ஒரு காரியத்தோடு சேர்த்துச் சொல்வது. தண்ணீர் மாற்றும்போது "தண்ணி", வெளியே கிளம்பும்போது "டாட்டா". மிட்டுவுக்கு நான் உட்கார்ந்து சொல்லித் தந்தது பெயர் மட்டும்தான். ஆனால் அது இரண்டாவதாகச் சொன்ன வார்த்தை "வந்துட்டியா". ஸ்கூல் விட்டு மகள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் என் மாமியார் தினமும் சொல்கிற வார்த்தை அது. சந்தோஷத்தோடு சொல்கிற வார்த்தை பறவையிடம் ஒட்டிக்கொள்கிறது.

ஆபீஸ் போறப்போ மொபைல்ல ரெக்கார்ட் பண்ணி ஓட விட்டா போதாதா?

போதாது. அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கன் கிரேயை வைத்து முப்பது வருடம் ஆராய்ச்சி செய்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க். வேறு கிரே கிளிகளுக்கு ஒலிநாடாவையும் வீடியோவையும் மட்டும் போட்டும் அவர் பார்த்தார். அவை சொற்களைக் கற்கவில்லை. பலன் தந்தது வேறொரு முறை. கிளி பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்வார்கள். ஒருவர் ஒரு பொருளைக் காட்டி "இது என்ன?" என்பார். மற்றவர் சரியாகச் சொன்னால் பொருள் அவர் கைக்குப் போகும், தப்பாகச் சொன்னால் கிடைக்காது. பார்த்துக்கொண்டிருக்கிற கிளிக்குத் தானும் உள்ளே புகுந்து அதை வாங்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடும்.

வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஒரு கடலைப் பருப்பு போதும்.

எவ்வளவு நாள் ஆகும்? பேச ஆரம்பிக்கப் போகுதுன்னு எப்படித் தெரியும்?

பட்ஜி மூன்று நான்கு மாத வயதில் தொடங்கலாம். காக்டெய்லுக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். கிரே பெரும்பாலும் ஒரு வயதைத் தொட்ட பிறகுதான்.

பேச்சு திடீரென்று வந்து விழாது, முதலில் முனகல் வரும். மதியச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கின நேரத்தில் கூண்டைக் கவனியுங்கள். ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, உடம்பைப் பஞ்சு மாதிரி உப்பி, கண்ணைப் பாதி மூடி, அலகைத் திறந்தும் திறக்காமலும் "குறுகுறு, சிகுசிகு" என்று தனக்குத்தானே ஓட்டிக்கொண்டிருக்கும். தூரத்தில் ஓடுகிற ரேடியோ மாதிரி இருக்கும். அதுதான் பாடம் படிப்பது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு நாள் உங்கள் வார்த்தையின் வால் மட்டும் கேட்கும். மிட்டுவிடமிருந்து எனக்கு முதலில் கிடைத்தது "ட்டு" மட்டும்தான். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். பதினோரு நாள் கழித்து முழு "மிட்டு" வந்தது.

அந்த முனகல் நேரத்தில் பக்கத்தில் போகாதீர்கள், திருத்தாதீர்கள். அது முடிந்த பிறகு போய் முழு வார்த்தையைச் சொல்லுங்கள்.

ஒண்ணு வாங்குறதா, ஜோடியா வாங்குறதா?

பேச வேண்டும் என்றால் ஒன்று. இரண்டு இருந்தால் அவை ஒன்றுக்கொன்று கூட்டமாகிவிடும், உங்கள் பாஷை அவற்றுக்குத் தேவைப்படாது. கூண்டில் கண்ணாடி தொங்கவிட்டாலும் இதே கதைதான், எடுத்துவிடுங்கள்.

ஆனால் ஒற்றைப் பறவை வாங்குகிறவர் தினமும் சில மணி நேரம் அதற்குத் துணையாக இருக்க வேண்டும். காலை எட்டுக்குப் பூட்டி இரவு எட்டுக்குத் திறக்கிற வீடு என்றால் ஜோடி வாங்குங்கள், பேச்சு ஆசையை விட்டுவிடுங்கள். தனியாக விடப்பட்ட கிளி இனப் பறவை தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அந்தச் சொட்டை நெஞ்சை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எங்க காக்டெய்ல் குக்கர் விசில் அடிக்குது, ரிங்டோன் போடுது, பேச மட்டும் மாட்டேங்குது

விசில் அதற்குச் சுலபம், வார்த்தை கஷ்டம். சுலபமானதற்கு எல்லோரும் கைதட்டினால் கஷ்டமானதற்கு ஏன் போகப் போகிறது? கொஞ்ச நாள் அதனிடம் நீங்கள் விசிலடிப்பதை நிறுத்துங்கள். வார்த்தையின் சாயல் வந்தால் மட்டும் ஓடிப்போய்ப் பாராட்டுங்கள். முதலில் வார்த்தை, அப்புறம் விசில். இந்த வரிசையில் பழக்குவதுதான் நல்லது.

தமிழ்ல சொல்லித் தரதா இங்கிலீஷ்லயா?

அதற்கு எல்லாம் சத்தம்தான். வீட்டில் இயல்பாக எது புழங்குகிறதோ அதைப் பேசுங்கள். "ழ" மட்டும் எங்கள் பறவைகள் எதற்கும் இதுவரை வரவில்லை.

யாராவது வந்தா வாயே திறக்க மாட்டேங்குது, நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்க

எல்லார் வீட்டிலும் இப்படித்தான். புது ஆளைப் பார்த்தால் கூட்டத்துக்கு ஆபத்தோ என்று பறவை அமைதியாகிக் கவனிக்கும். அவர்கள் எழுந்து வாசலுக்குப் போனதும் பேசும்.

அர்த்தம் தெரிஞ்சுதான் பேசுதா, இல்ல சும்மா கிளிப்பிள்ளையா?

"சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதிதான் உண்மை. பல பறவைகள் அர்த்தமில்லாமல்தான் சொல்கின்றன. ஆனால் மேலே சொன்ன அலெக்ஸ், 1977-ல் சிகாகோவில் ஒரு சாதாரணக் கடையில் வாங்கப்பட்ட கிளி, நூறுக்கும் மேல் சொற்களைப் பொருளறிந்து சொன்னது. ஏழு நிறம், ஐந்து வடிவம், ஆறு வரைக்கும் எண்ணிக்கை. இரண்டு பொருளைக் காட்டி "எதில் வித்தியாசம்?" என்றால் "நிறம்" என்று பதில் சொல்லும். ஆப்பிள் என்று சொல்லாமல், வாழைப்பழத்துக்கும் செர்ரிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைச் சேர்த்த மாதிரி "பனெர்ரி" என்று தானாக ஒரு பெயர் வைத்தது.

2007 செப்டம்பரில் அலெக்ஸ் இறந்தது. முந்தின இரவு அது பெப்பர்பெர்க்கிடம் சொன்னது: நல்லபடியா இரு, உன்னை எனக்குப் பிடிக்கும், நாளைக்கு வருவியா. சாவு தெரிந்து சொன்னது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை, தினமும் அவர் கூண்டை மூடிக் கிளம்பும்போது சொல்கிற வார்த்தைதான் அது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. எந்த நேரத்தில் யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. மிட்டுவும் செருப்புச் சத்தம் கேட்டால்தான் "வந்துட்டியா" என்றது. வெறும் நேரத்தில் சொன்னதில்லை.

கெட்ட வார்த்தை கத்துக்கிச்சு, மானம் போகுது. எப்படி மறக்க வைக்கிறது?

திட்டாதீர்கள், சிரிக்காதீர்கள், கூண்டை மூடாதீர்கள். இவை எல்லாமே அதற்குக் கவனிப்புதான். 2020-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு வனவிலங்குப் பூங்காவுக்கு ஐந்து கிரே கிளிகள் வந்தன. ஐந்தும் கெட்ட வார்த்தை பேசுகிறவை. ஊழியர்கள் சிரிக்கச் சிரிக்கப் பறவைகள் இன்னும் அதிகமாகப் பேசின. கடைசியில் பார்வையாளர்கள் கண்ணில் படாமல் தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று.

அந்த வார்த்தை வந்ததும் முகத்தில் எதையும் காட்டாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அதே மாதிரிச் சத்தமுள்ள வேறு வார்த்தையைத் தினமும் உற்சாகத்தோடு சொல்லித் தாருங்கள். முழுக்க மறக்காது, ஆனால் சொல்வது குறைந்துகொண்டே போகும். வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாமலிருந்தால்தான் இதுவும் நடக்கும்.

நல்லா பேசிட்டிருந்தது, பத்து நாளா சத்தமே இல்லை

முதலில் கூண்டுத் தரையைப் பாருங்கள். இறகு உதிர்ந்து கிடந்தால் அது உதிர்கிற காலம், உடம்பு அசதி, சில வாரத்தில் சரியாகும். கூண்டை இடம் மாற்றியிருந்தாலும், வீட்டில் பழகினவர் ஊருக்குப் போயிருந்தாலும் அமைதியாகும்.

ஆனால் பகலெல்லாம் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, தரையில் இறங்கிவிட்டதா, எச்சம் தண்ணீராகப் போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பறவைகள் நோயைக் கடைசி வரை மறைக்கும், வெளியில் தெரியும்போது நேரம் குறைவாகத்தான் இருக்கும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. எங்கள் இரண்டாவது பட்ஜியை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒரு இரவு வைத்திருந்துதான் இழந்தேன்.

ஒரு வருஷமாச்சு, ஒரு வார்த்தைகூட வரலை. கடைக்காரர் மாத்தித் தரேங்கிறார்

உங்கள் தோளில் வந்து உட்காருகிறதா? நீங்கள் அறைக்குள் நுழைந்தால் கூண்டுக் கம்பிக்கு ஓடி வருகிறதா? அப்படியானால் அதன் வீடு இதுதான். சில பறவைகள் கடைசி வரை பேசுவதில்லை. எங்கள் காக்டெய்ல் ராணிக்கு ஒன்பது வயது, ஒரு சொல் கிடையாது. நான் தாளிக்கிற சத்தம் கேட்டால் தலைக் கொண்டையைத் தூக்கிக்கொண்டு கூப்பிடும், நானும் அங்கிருந்தே குரல் கொடுப்பேன். மாற்றிக்கொண்டு வருகிற பறவையும் பேசும் என்பதற்கு உத்தரவாதமில்லை. விட்டுவிட்டு வருகிற பறவைக்கோ நீங்கள்தான் கூட்டம்.

அம்மா தவறி மூணு மாசம் ஆச்சு. கிளி இன்னும் அம்மா குரல்லயே என்னைக் கூப்பிடுது. நிறுத்த முடியுமா, நிறுத்தணுமா?

இதை என்னிடம் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். என் மாமியார் போன பிறகு எங்கள் வீட்டிலும் நடந்தது. சாயங்காலம் நாலரைக்கு "வந்துட்டியா" என்று கேட்கும். முதல் மாதம் மகள் பின்வாசல் வழியாகத்தான் வந்தாள்.

நிறுத்த நினைத்தால் வழி உண்டு. அந்த வார்த்தையைத் தூண்டுகிற சத்தத்தை மாற்றுங்கள். செருப்பைக் கழற்றும் இடம், கேட் திறக்கிற நேரம், கூண்டு பார்க்கிற திசை என்று ஏதாவது ஒன்று அதற்குச் சாவியாக இருக்கும். கெட்ட வார்த்தைக்குச் சொன்ன மாதிரி, பதில் கொடுக்காமலிருந்தால் மெல்லக் குறையும். ஆனால் அவசரப்படாதீர்கள். குறைந்த பிறகு திரும்பக் கொண்டுவர முடியாது. எங்கள் வீட்டில் இரண்டாவது மாதம் மகளே முன்வாசலுக்கு வந்து, வேண்டுமென்றே செருப்பைத் தட்டிக் கழற்ற ஆரம்பித்தாள்.

எதைச் செய்வதானாலும், முதலில் ஒரு நாள் மொபைலைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்து அந்தக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஃபேனை அணைத்துவிட்டு எடுங்கள். பட்ஜியின் குரல் சின்னது, காற்றுச் சத்தத்தில் அமுங்கிப் போகும்.